கீட்டோவிலும் பேலியோவிலும் கொழுப்பு எவ்வளவு உண்ண வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் உணவு ஆலோசகராகப் பணி செய்கிறேன். மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் உணவுமுறையில் எடை குறைக்க வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது கொழுப்பின் அளவைப் பற்றித்தான். உசிலம்பட்டியிலிருந்து வருபவரும் அண்ணாநகரிலிருந்து வருபவரும் ஏறக்குறைய ஒரே ஐயங்களோடு வருவதால், பதில்களை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

கீட்டோவும் பேலியோவும் ஒன்றுதானா?

பெயர்க் காரணம் வேறு. நம் ஊரில் நடைமுறை ஏறக்குறைய ஒன்று. பேலியோ என்பது தானியம், பருப்பு, சர்க்கரை, பால் ஆகியவற்றை விலக்கி, வேளாண்மைக்கு முந்தைய மனிதர் உண்டிருக்கக்கூடியவற்றை மட்டும் உண்ணச் சொல்லும் முறையாகத்தான் தொடங்கியது. தமிழ்நாட்டில் அந்தப் பெயரில் பரவியதோ பன்னீர், நெய், சீஸ் எல்லாம் சேர்ந்த, மாவுச்சத்தை நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 கிராமுக்குள் நிறுத்துகிற முறை. கீட்டோவிலும் மாவுச்சத்து 20 முதல் 50 கிராம் வரைதான். ஆகவே கொழுப்பின் அளவைப் பொறுத்தவரை இரண்டுக்கும் ஒரே பதில் போதும்.

உண்ணும் கலோரியில் 70 விழுக்காடு கொழுப்பாக இருக்க வேண்டும் என்கிறார்களே, அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான குழப்பங்கள் இங்கேதான் தொடங்குகின்றன. கீட்டோ உணவு முதலில் எடை குறைப்புக்காக உருவானதன்று. 1921-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ரஸ்ஸல் வைல்டர் என்ற மருத்துவர், வலிப்பு நோயாளிகளுக்காக அதை முன்வைத்தார். பட்டினி கிடந்தால் வலிப்பு குறைகிறது என்பதை மருத்துவர்கள் கண்டிருந்தார்கள். பட்டினி கிடக்காமலேயே அந்த நிலையை உடலில் உண்டாக்க முடியுமா என்று தேடியதன் விளைவு அது. அதன் செவ்வியல் வடிவத்தில், எடைக் கணக்கில் 4 பங்கு கொழுப்புக்குப் புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து 1 பங்குதான். அதாவது கலோரியில் ஏறத்தாழ 90 விழுக்காடு கொழுப்பிலிருந்து வந்தது.

அந்த உணவைப் பெரும்பாலும் உண்டவர்கள் வளர வேண்டிய குழந்தைகள். அவர்கள் எடை குறைந்துவிடக் கூடாது. ஆகவே உடலுக்கு வேண்டிய ஆற்றல் முழுவதையும் தட்டிலேயே கொடுத்தாக வேண்டியிருந்தது. எடை குறைக்க வருபவரின் நிலை இதற்கு நேர் எதிரானது. அவர் உடலில் ஏற்கெனவே கொழுப்பு சேமிப்பில் இருக்கிறது. அதை எடுத்துச் செலவழிக்கத்தான் இவ்வளவு பாடும். எரிக்க வேண்டிய கொழுப்பு முழுவதையும் தட்டிலேயே வைத்துவிட்டால், சேமிப்பைத் தொட வேண்டிய தேவை உடலுக்கு எப்படி வரும்?

70 விழுக்காடு என்பது தவறான கணக்கென்று நான் சொல்லவில்லை. மாவுச்சத்தும் புரதமும் போக மீதி எவ்வளவு வருகிறது என்று பார்த்தால் ஏறத்தாழ அங்கேதான் வந்து நிற்கும். ஆனால் அது கூட்டிக் கழித்த பின் கிடைக்கும் விடை. எட்டிப் பிடித்தே தீர வேண்டிய இலக்கு அன்று.

அப்படியானால் எனக்கு நாளொன்றுக்கு எத்தனை கிராம்?

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுக் காட்டுகிறேன். 75 கிலோ எடையுள்ள, வீட்டு வேலையும் மாலையில் நடைப்பயிற்சியும் செய்கிற ஒரு பெண்ணின் உடல் நாளொன்றுக்கு 1,900 கலோரி செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி தரும்; கொழுப்பு 9 தரும். அவர் மாவுச்சத்தை 40 கிராமில் நிறுத்தினால் 160 கலோரி. எடையில் கிலோவுக்கு 1 கிராம் என்று 75 கிராம் புரதம் உண்டால் 300 கலோரி. மீதமுள்ள 1,440 கலோரியைக் கொழுப்புதான் தர வேண்டும். அதாவது அன்றைக்கு அவர் உடல் எரிக்கப்போகும் கொழுப்பு 160 கிராம்.

இந்த 160 கிராமில் எவ்வளவு தட்டிலிருந்து, எவ்வளவு உடலிலிருந்து என்பதுதான் முழு விஷயமும். நாளொன்றுக்கு 500 கலோரி குறைவாக உண்பது பெரும்பாலோரால் தாங்கக்கூடிய அளவு. அது ஏறத்தாழ 56 கிராம் கொழுப்பு. அதை உடல் கொடுக்கட்டும். தட்டில் 104 கிராம் இருந்தால் போதும். அவர் உண்பது மொத்தம் 1,400 கலோரி. அதில் கொழுப்பு 67 விழுக்காடு.

எடை குறையக் குறைய உடலின் செலவும் குறையும். 65 கிலோவுக்கு வந்தவர் 75 கிலோவில் உண்ட அளவையே உண்டுகொண்டிருந்தால் இறக்கம் மெதுவாகிவிடும். மாவுச்சத்துக்கு ஒரு மேல் வரம்பு, புரதத்துக்கு ஒரு கீழ் வரம்பு, இரண்டும் அசையக் கூடாது. கூட்டவும் குறைக்கவும் உரியது கொழுப்பு மட்டுமே.

104 கிராம் கொழுப்பு என்பது தட்டில் எப்படி இருக்கும்?

காலையில் மூன்று முட்டையில் 15 கிராம். அதைச் சின்ன வெங்காயத்தோடு ஊற்றி எடுக்க இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெயில் 9 கிராம். மதியம் கொழுப்பு கலந்த 150 கிராம் ஆட்டுக்கறியில், வெட்டைப் பொறுத்து, ஏறத்தாழ 20 கிராம். சுக்கா வறுக்க ஒரு மேசைக்கரண்டி கடலை எண்ணெயில் 14 கிராம். கீரைப் பொரியலில் போடும் 30 கிராம் தேங்காய்த் துருவலில் 10 கிராம். மாலையில் 20 பாதாமில் 12 கிராம். இரவு 100 கிராம் பன்னீரில் ஏறத்தாழ 22 கிராம். அதை வாட்டும் அரைத் தேக்கரண்டி எண்ணெயில் 2 கிராம். கூட்டினால் 104 வந்துவிடுகிறது. இதில் வெண்ணெய்க் காபி இல்லை, தனியாகக் குடிக்கும் நெய் இல்லை. சமையலுக்கு என்று நாம் கணக்கில் சேர்க்காமல் விடும் எண்ணெய் மட்டுமே 25 கிராம் என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

எண்ணெயை எப்படி அளப்பது? நாங்கள் கண் அளவில்தான் ஊற்றுகிறோம்.

இந்த உணவுமுறையில் இருக்கும்வரை கண் அளவை ஒதுக்கி வையுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் தாளிப்புக்கு எடுக்கும் குழிக்கரண்டியில் தண்ணீர் நிரப்பி, இருமல் மருந்தோடு வந்த அளவுக் குப்பியில் ஊற்றிப் பார்த்தேன். குப்பி மூன்று முறை நிறைந்தது, 45 மில்லி. அம்மா அதை “ஒரு கரண்டி” என்றுதான் ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லி வந்தார். 45 மில்லி எண்ணெய் என்றால் ஏறத்தாழ 40 கிராம் கொழுப்பு, 360 கலோரி. அம்மாவின் கையில் பிழையில்லை, கூட்டுக் குடும்பத்துக்குப் பழகிய கரண்டி அது.

எளிய வழி ஒன்று உண்டு. வாரத் தொடக்கத்தில் உங்கள் ஒருவருக்கான எண்ணெயைத் தனிச் சீசாவில் ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு 25 கிராம் என்றால் வாரத்துக்கு ஏறத்தாழ 190 மில்லி. வெள்ளிக்கிழமையே சீசா காலியானால் எங்கே கூடுதலாகப் போயிற்று என்பது தெரிந்துவிடும்.

செக்கு நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், நெய்: எது நல்லது?

கலோரியில் எல்லாம் ஒன்றுதான். செக்கில் ஆட்டியதால் ஒரு கலோரியும் குறைவதில்லை. மணமும் சுவையும் வேறு, அவ்வளவே. வேறுபாடு கொழுப்பின் வகையில் இருக்கிறது. நல்லெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு 15 விழுக்காட்டை ஒட்டியும், கடலை எண்ணெயில் 20 விழுக்காட்டுக்குள்ளும் இருக்கும். நெய்யில் அது 60 விழுக்காட்டைத் தாண்டும். தேங்காய் எண்ணெயில் 80 விழுக்காட்டுக்கும் மேல். கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்லும் எல்.டி.எல். கொலஸ்டிராலை ஏற்றுவது பெரும்பாலும் இந்த நிறைவுற்ற கொழுப்பே. மொத்தக் கலோரியில் அது 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 1,400 கலோரி உண்பவருக்கு அது 15 கிராம்தான். ஒரு மேசைக்கரண்டி நெய்யிலேயே பாதிக்கு மேல் தீர்ந்துவிடும்.

உயர்கொழுப்பு உணவில் இந்த வரம்புக்குள் நிற்பது கடினம் என்பதை நான் மறைக்கப் போவதில்லை. ஆகவேதான் அன்றாடச் சமையலுக்கு நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் போதும் என்கிறேன். நெய் மணத்துக்கு ஒரு தேக்கரண்டி. நம் பக்கத்துக் குழம்புகள் நல்லெண்ணெயில் வளர்ந்தவை என்பதால் இது யாருக்கும் துன்பமாக இருப்பதில்லை. வனஸ்பதியும், திரும்பத் திரும்பக் காய்ச்சிய கடை எண்ணெயும் எந்த உணவுமுறையிலும் வேண்டாம்.

காலையில் 100 பாதாம் சாப்பிடச் சொல்கிறார்களே?

தமிழ்நாட்டுப் பேலியோவில் மிகவும் பரவிய அறிவுரை இது. 100 பாதாம் ஏறத்தாழ 120 கிராம் எடை இருக்கும். அதில் 60 கிராம் கொழுப்பும் 700 கலோரியும் உண்டு. மேலே சொன்ன பெண்ணுக்கு அது ஒரு நாளுணவில் சரிபாதி. காலை உணவு முழுவதும் அதுவாகவே இருந்து, மதியம் வரை பசியில்லாமல் கழிகிறதென்றால் குறை சொல்ல மாட்டேன். வழக்கமான முட்டையும் சாப்பிட்டு, அதன்மேல் இந்த 100 பாதாமையும் சாப்பிட்டால் எடை இறங்காது. பாதாம் விலை கட்டுப்படியாகாதவர்கள் அவித்த முட்டைக்குப் போகலாம்; புரதக் கணக்கில் முட்டை எவ்விதத்திலும் குறைந்ததன்று. நிலக்கடலை பருப்பு வகை என்பதால் பேலியோ ஏற்பதில்லை. மாவுச்சத்தை மட்டும் எண்ணும் கீட்டோவில் ஒரு கைப்பிடி தடையில்லை.

சோற்றை அப்படியே வைத்துக்கொண்டு நெய்யைக் கூட்டினால் எடை குறையுமா?

குறையாது, கூடும். நான் பார்த்தவரை மிகுதியாக நடக்கும் தவறு இதுதான். கொழுப்பு நல்லது என்பதைக் கேட்டவர்கள், அதோடு சேர்த்துச் சொன்ன மற்றொரு பாதியை விட்டுவிடுகிறார்கள். காலையில் நான்கு இட்லி, மதியம் வழக்கம்போல் சாப்பாடு, அதன்மேல் இரண்டு கரண்டி நெய், மாலையில் வெண்ணெய்க் காபி என்று மூன்று மாதம் இருந்த என் உறவினர் ஒருவருக்கு 5 கிலோ ஏறியது. அவர் யாரையும் ஏமாற்றவில்லை. தமக்குச் சொல்லப்பட்டதைத்தான் முழு நம்பிக்கையோடு செய்தார். எனக்கு அது இன்றும் வருத்தம் தருகிறது.

மாவுச்சத்து மிகும்போது இன்சுலின் உயர்ந்து நிற்கிறது. உடல் முதலில் சர்க்கரையை எரிக்கிறது. கூட வந்த கொழுப்பைச் சேமிப்புக்கு அனுப்புகிறது. மாவுச்சத்து 50 கிராமுக்குக் கீழே வந்து சில நாள் ஆன பிறகுதான் ஈரலில் கிளைகோஜனாகச் சேர்ந்திருக்கும் சர்க்கரை இருப்பு குறைந்து, கொழுப்பிலிருந்து கீட்டோன்கள் என்னும் மாற்று எரிபொருள் உருவாகிறது. ஒரு கிண்ணம் சோற்றிலேயே ஏறத்தாழ 45 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. நாள் முழுவதற்குமான அளவு அதோடு முடிந்தது. சோற்றை விட முடியாதவர் இந்த உணவுமுறைக்கு வர வேண்டியதில்லை. அவருக்கு எண்ணெயைக் குறைத்து, சோற்றைப் பாதியாக்கி, காய்கறியும் பருப்பும் முட்டையும் கூட்டுவதே பொருந்தும். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், அதிக உடலுழைப்பு இல்லாதவருக்குச் சமையல் எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம்தான் சொல்கிறது; சோறு உண்பவருக்கான அளவு அது. இந்தப் பாதையிலும் எடை நன்றாகவே குறையும். 2018-இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் 609 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கொழுப்பையும் மற்றதற்கு மாவுச்சத்தையும் குறைத்தார்கள். ஓராண்டில் முதல் பிரிவினர் சராசரியாக 5.3 கிலோவும் இரண்டாம் பிரிவினர் 6 கிலோவும் குறைந்தார்கள். பெரிய வேறுபாடு என்று சொல்வதற்கில்லை. இரண்டு வழியும் ஊர் சேர்க்கும்; இரண்டிலும் ஒரே நேரத்தில் கால் வைப்பவர்தான் நின்ற இடத்திலேயே நிற்கிறார்.

வெண்ணெய்க் காபி அவசியமா?

அவசியமில்லை. காலை உணவுக்குப் பதிலாக அதைக் குடித்துப் பசி அடங்குமானால் குடிக்கலாம். அதில் புரதம் ஏறக்குறைய இல்லை என்பது நினைவிருக்கட்டும்.

மதுரையில் வெளியே சாப்பிடும்போது என்ன செய்வது?

அசைவ உணவகங்களுக்குப் பெயர் பெற்ற ஊரில் இருப்பது இந்த உணவுமுறைக்கு வசதி, ஆனால் எதை எடுப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். மட்டன் சுக்கா, ஈரல், குடல், நல்லி எலும்பு, ஆம்லெட், மீன் வறுவல் ஆகியவற்றில் மாவுச்சத்து மிகக் குறைவு. எண்ணெய்தான் கூடுதலாக இருக்கும், ஆகவே அந்த நாளில் வீட்டு எண்ணெயைக் குறைத்துக்கொள்ளுங்கள். அயிரை மீன் குழம்பில் மீனை எடுத்துக்கொண்டு குழம்பை அளவோடு வைக்கலாம். கோலா உருண்டையில் பொட்டுக்கடலை மாவு சேர்கிறது, ஒன்றிரண்டோடு நிறுத்தலாம். கறி தோசையில் முட்டையும் கறியும் மேலே இருந்தாலும் அடியில் இருப்பது தோசைதான். பரோட்டாவில் மைதாவும் எண்ணெயும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. முன்பு சொன்ன சோறும் நெய்யும் சேர்ந்த தவறு அங்கே ஒரே வட்டத்துக்குள் இருக்கிறது. ஜிகர்தண்டாவில் பால், சர்க்கரை, நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம் எல்லாம் சேர்வதால் அதற்கு இடமே இல்லை.

வீட்டுக்குக் கறி வாங்கும்போது ஒரு சொல். நெல்பேட்டையில் கறி வெட்டுகிறவர் வாடிக்கையாளர் மேல் உள்ள அன்பில், வெள்ளைக் கொழுப்புத் துண்டு ஒன்றைக் கடைசியில் தராசில் வைப்பார். அது எடைக்குப் போட்டதன்று; அது சேர்ந்தால்தான் குழம்பு ருசிக்கும் என்பது அவர் கணக்கு. பேலியோவில் இருப்பதாகச் சொன்னால் இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போடுகிறார்கள். அந்தத் துண்டு 50 கிராம் இருந்தால் அரை நாள் கொழுப்பை ஒட்டி வந்துவிடும். அதைப் போட்டுச் சமைக்கும் நாளில் கறிக்குத் தனியாக எண்ணெய் ஊற்ற வேண்டாம்.

புரட்டாசியில் அசைவம் கிடையாது. அப்போது?

சைவத்தில் கொழுப்பு எளிது, புரதம்தான் கடினம். பன்னீர், கெட்டித் தயிர், பாதாம், வீட்டில் ஏற்றுக்கொண்டால் முட்டை ஆகியவற்றை வைத்துப் புரதத்தை முதலில் நிரப்பிவிட்டுப் பிறகு எண்ணெயைப் பற்றி யோசியுங்கள். தேங்காய்ச் சட்னியையும் அவியலையும் மட்டும் நம்பினால் கொழுப்பு ஏறிப் புரதம் இறங்கிவிடும், தசையும் கரையும்.

முதல் வாரத்தில் தலைவலியும் சோர்வும் வருகின்றன. கொழுப்பு போதவில்லையா?

பெரும்பாலும் உப்பும் தண்ணீரும் போதவில்லை. இன்சுலின் இறங்கும்போது சிறுநீரகம் சோடியத்தையும் நீரையும் வெளியேற்றுகிறது. உப்பிட்ட மோர், எலும்பு ரசம், எலுமிச்சைச் சாறு கலந்த உப்பு நீர் ஆகியவை போதும். சித்திரை வெயிலில் இதை இரு மடங்கு கவனியுங்கள். உயர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது; சிலருக்கு மாத்திரையின் அளவையே குறைக்க வேண்டி வரும்.

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுக்கிறேன். தொடங்கலாமா?

மருத்துவரைப் பார்க்காமல் ஒரு நாளும் தொடங்காதீர்கள். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொண்டு மாவுச்சத்தை மட்டும் நிறுத்தினால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு வேறோர் ஆபத்து இருக்கிறது: சர்க்கரை அளவு அதிகமாகத் தெரியாமலேயே கீட்டோன்கள் எல்லை மீறி இரத்தம் அமிலமாகும் நிலை வரலாம். குமட்டல், வயிற்று வலி, மூச்சு வாங்குதல் கண்டால் வீட்டில் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வேறு யார் தவிர்க்க வேண்டும்?

கருவுற்றவர்கள், பாலூட்டுபவர்கள், கணைய அழற்சி வந்தவர்கள், இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு மிக உயர்ந்தவர்கள், நாட்பட்ட சிறுநீரக நோயுள்ளவர்கள் தாமாக இதில் இறங்கக் கூடாது. பித்தப்பைக் கல் இருப்பவர்களும் அப்படியே. கொழுப்பு மிகுந்த ஒரு வேளை உணவு வலியைத் தூண்டிவிடும். பித்தப்பையை எடுத்தவர்கள் மருத்துவர் அனுமதித்தால், ஒரே வேளையில் உண்ணாமல் கொழுப்பை மூன்று வேளைக்கும் பிரித்து உண்ண வேண்டும்.

எல்.டி.எல். ஏறினால் என்ன செய்வது?

தொடங்கும் முன் ஒரு முறையும், மூன்று மாதம் கழித்து ஒரு முறையும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பலருக்கு டிரைகிளிசரைடு இறங்கி நல்ல கொலஸ்டிரால் ஏறும், சிலருக்கு எல்.டி.எல். மிகக் கூர்மையாக ஏறும். “இந்த உணவில் அப்படித்தான் ஏறும், பயப்பட வேண்டாம்” என்று சொல்பவர்களை நம்பி அதை விட்டுவிடாதீர்கள். நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய், கொழுப்புத் துண்டு ஆகியவற்றை நிறுத்தி, நல்லெண்ணெய், பாதாம், மீன் பக்கம் திரும்பி, மறுபடியும் பரிசோதியுங்கள். அப்போதும் இறங்காவிட்டால் உங்கள் உடல் இந்த உணவுமுறைக்கு ஒத்துவரவில்லை என்று பொருள். மாவுச்சத்தைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடலாம்.

எடை ஒரே இடத்தில் நின்றுவிட்டது. கொழுப்பைக் கூட்டச் சொல்கிறார்கள், கூட்டலாமா?

கூட்ட வேண்டாம். மூன்று நான்கு வாரமாக எடையும் இடுப்புச் சுற்றளவும் அசையவில்லை என்றால், ஒரு வாரம் வாயில் போடும் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். சமையலின்போது வாயில் போட்ட முந்திரி, காபியில் ஊற்றிய பால், குழந்தை மீதம் வைத்த தோசை ஆகியவைதான் பெரும்பாலும் அந்தத் தாளில் வெளிப்படுகின்றன. அவற்றை நிறுத்தியும் அசையாவிட்டால், புரதத்தைத் தொடாமல் கொழுப்பில் 15 கிராமைக் குறையுங்கள். அது ஒரு மேசைக்கரண்டி எண்ணெய்தான்.

சித்திரைத் திருவிழாவில் விரதம் முறிந்துவிட்டால்?

அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மோர்ப் பந்தலில் மோரை வாங்கிக் குடியுங்கள்; பானகம் வெல்லம் சேர்ந்தது. உறவினர் வீட்டில் பொங்கலும் வடையும் சாப்பிட நேர்ந்தால், ஈடுகட்டுவதாக எண்ணி மறுநாள் வெறும் நெய்யில் ஓட்ட வேண்டாம், பட்டினியும் கிடக்க வேண்டாம். மறுநாள் தராசில் ஒன்றரைக் கிலோ கூடியிருக்கும். ஒரு கிராம் கிளைகோஜன் சேரும்போது ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரும் சேர்வதால் அதில் பெரும்பகுதி நீர் எடையே. வழக்கமான மூன்று முட்டையோடு அன்றைய காலையைத் தொடங்குங்கள். நான்கைந்து நாளில் அது இறங்கிவிடும்.